உட்கார்ந்து உருட்டிய குண்டு

எனக்கு ஒலிம்பிக் பைத்தியம். ஓடத் தெரியாது, நீந்தத் தெரியாது. ஆனால் எந்த வருஷம் எந்த ஆட்டத்தைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் விரல் நுனியில். கயிறு இழுக்கும் போட்டிகூட ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் இருந்தது என்று ஆரம்பித்து, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எத்தனையோ பேருடைய டீயை ஆறவைத்திருக்கிறேன்.

இந்தப் பைத்தியத்தைப் பார்த்துத்தான் ஆபீஸில் என்னை விளையாட்டுச் செயலாளர் ஆக்கினார்கள். ஆயுத பூஜையை ஒட்டி வருஷத்துக்கு ஒரு நாள், ஆபீஸுக்குப் பின்னால் இருந்த பூப்பந்து மைதானத்தில் போட்டிகள் நடக்கும். ஸ்கோர் எழுதுவது எங்கள் டைப்பிஸ்ட் அம்மா. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவர். அக்குளில் கட்டைகளைக் கொடுத்து நடப்பார். எட்டு வருஷம் நாங்கள் விளையாடினோம், அவர் எழுதினார். கடைசியில் அவருக்கு ஓர் ஆறுதல் பரிசு. சோப்பு டப்பா, டிபன் பாக்ஸ், ஏதாவது ஒன்று. ரொம்பப் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு.

சியோலில் ஒலிம்பிக் நடந்த வருஷம், பத்து மரக்கட்டைகளைப் பந்து உருட்டிச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்தை அங்கே காட்சிக்காகச் சேர்த்தார்கள். பேப்பரில் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. கட்டில் கால் கடைபவரிடம் கழித்துப்போட்ட கால்கள் பத்து வாங்கி, ஒரே உயரத்துக்கு அறுத்துக்கொண்டேன். பந்துக்குப் பதிலாகப் பெண்கள் எறியும் இரும்புக் குண்டு.

போட்டி அன்று டைப்பிஸ்ட் அம்மா ஸ்கோர் நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் கோட்டருகே வந்தார். அக்குள் கட்டைகளைக் கீழே போட்டார். மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், இந்த வருஷம் எனக்கு ஆறுதல் பரிசு வேணாம். நானும் ஆடுறேன். தோத்தா தோத்ததுதான்."

எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாக்கெட்டிலிருந்து பேப்பர் படத்தை எடுத்துக் காட்டினேன். "நின்னுதான் போடணும்மா. பாருங்க."

"நின்னா நான் கட்டையப் புடிப்பேனா, குண்டப் புடிப்பேனா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்? அப்ப எல்லாரும் உக்காந்து போடுங்க."

எனக்குத் தெரிந்த ஒலிம்பிக் சரித்திரம் முழுவதையும் மனசுக்குள் புரட்டினேன். ஆதியில் அங்கே ஆடப் பெண்களை விட்டதே கிடையாது. யாரோ வந்து கேட்டுத்தான் கதவு திறந்திருக்கிறது. இத்தனை படித்த எனக்கு அது அந்த மண் தரையில்தான் உறைத்தது.

"சரி, எல்லாரும் உக்காருங்க" என்றேன்.

"இன்னா சார் இது, அன்னதானப் பந்தியா? குந்திக்கினு போடச் சொல்றீங்க!" என்றார் ஜீப் டிரைவர். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். அவருடைய குண்டு நாலு முழம் போய் வேலிப்பக்கம் திரும்பிவிட்டது. ஓடி வந்து வீசுகிற வேகமும் இடுப்பின் பலமும் இல்லாமல் போனதும் ஒவ்வொரு பயில்வானும் திணறினான்.

பிறகு டைப்பிஸ்ட் அம்மா போட்டார். இடது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கினார். அவரைச் சின்ன வயது முதலாகச் சுமந்த தோள்கள் அவை. குண்டு சத்தமே இல்லாமல் கையை விட்டு நழுவி, நேராக உருண்டு போய் முட்டியது. பத்துக் கட்டில் கால்களில் ஒன்பது சாய்ந்தன. இந்தக் கையிலா நாம் சோப்பு டப்பாவைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

குருட்டு அதிர்ஷ்டத்தில் கடைசி ஆட்டத்துக்கு அவரோடு நானும் வந்துவிட்டேன். ஆளுக்கு மூன்று உருட்டு. அவர் முடித்துவிட்டார். என் கடைசி உருட்டில் ஏழு சாய்ந்தால் நான் ஜெயிப்பேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம், ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. குண்டை ஓரமாக விட்டேன். இரண்டுதான் விழுந்தன. எல்லோரும் கை தட்டினார்கள்.

அவர் தட்டவில்லை. "வேணும்னே விட்டீங்க சார்."

"இல்லம்மா, கை நழுவிடுச்சு."

"எட்டு வருஷமா நீங்க ஆடுறதத்தான் பாத்து எழுதினு இருக்கேன். எனக்குத் தெரியாதா? மறுபடி போடுங்க."

"மறுபடி போட சட்டத்துல இடமில்லம்மா."

"வேணும்னே தோக்கறதுக்கு இடம் இருக்குதா?" அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரு தடவ என்னை ஆளா மதிச்சு ஆடுங்க சார்."

குண்டை வாங்கினேன். இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து உருட்டினேன். எட்டு கால்கள் விழுந்தன. நான் ஜெயித்துவிட்டேன். வேறு யாரும் கை தட்டவில்லை, அவர் ஒருவர்தான் தட்டினார். "அடுத்த வருஷம் வெச்சிக்கறேன் சார் உங்கள" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார்.

அதே மாதம், அதே சியோலில், கால் இழந்தவர்களும் கண் தெரியாதவர்களும் தங்களுக்கான ஒலிம்பிக்கை ஆடியிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். சக்கர நாற்காலியில் இருந்தபடி பந்து உருட்டியவர்களும் அதில் உண்டாம். எல்லாம் தெரிந்தவன் என்று திரிந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அந்த வருஷம் பூராவும் சாயங்காலங்களில் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து குண்டு உருட்டிப் பழகினேன். "இந்த வயசுல இன்னா வேலை இது?" என்று வீட்டில் திட்டு விழுந்தது. வேட்டியெல்லாம் செம்மண். அவ்வளவு பயம் டைப்பிஸ்ட் அம்மாவிடம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவரிடம் தோற்றேன். ஒரு கட்டையைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடித் தோற்றேன்.