செம்பருத்தி ஐஸ் டீயும் சீல் உடைக்காத பாட்டிலும்

நான் வேலை பாக்கற அரூர் ஆபீஸ்ல இருந்து மூணு பேர் எங்க புது வூட்டைப் பார்க்க வர்றோம்னு சொன்னதும் எனக்குத் தலைகால் புரியல. எங்க வூடு காலனியில. அவங்க மூணு பேரும் ஊருக்குள்ள இருக்கறவங்க. அதுவரைக்கும் ஆபீஸ் ஆளுங்க ஒருத்தரும் எங்க தெருப்பக்கம் வந்ததில்ல. வெயில் மண்டையைப் பொளக்குது, சூடா காப்பி எதுக்கு, செம்பருத்தி ஐஸ் டீ போட்டுடலாம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

காலையிலயே பூவைப் பறிச்சு, காம்பையும் நடுவுல நீட்டிட்டு இருக்கற தண்டையும் கிள்ளிட்டு, இதழை மட்டும் அலசி வெச்சேன். தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை அணைச்சு, இதழோட துளசி, புதினா, தட்டின இஞ்சி எல்லாம் போட்டு மூடினேன். வடிகட்டி ஆற வெச்சப்ப என்னமோ சாயத்தண்ணி மாதிரி கருநீலமா இருந்துச்சு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன் பாருங்க, செக்கச்செவேல்னு மாறிடுச்சு! வர்ற சாருக்கு சுகர். அவருக்குன்னு சக்கரை போடாம ஒரு ஜாடி தனியா. ஐஸ் கட்டி ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு புதினா இலை வேற. கொழுப்புத்தான் எனக்கு.

இதையெல்லாம் பார்த்துட்டு அம்மா, "ஏண்டி, அவங்க நம்ம வூட்டுல தண்ணி வாங்கிக் குடிப்பாங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "உன் காலமா இது? ஆபீஸ்ல ஒண்ணாத்தான் உக்காந்து சாப்பிடறோம்"னேன். ஒண்ணா சாப்பிடறது நெசந்தான். என் டப்பாவுல ஒருத்தரும் கை வெச்சதில்லைங்கறது அப்ப ஏனோ ஞாபகத்துக்கு வரல.

வந்தாங்க. டைல்ஸைத் தடவிப் பார்த்தாங்க, மாடிக்கு ஏறிப் பார்த்தாங்க, நல்லா கட்டியிருக்கீங்கன்னாங்க. நான் கண்ணாடி கிளாஸ்ல டீயை ஊத்தி நீட்டினேன். "ஐயோ, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு, ஜில்லுன்னு எதுவும் ஆகாது"ன்னாங்க பக்கத்து சீட்டு அக்கா. சார், "எனக்கு சுகருங்க"ன்னார். "சக்கரையே போடலைங்க சார்"னேன். "இருக்கட்டும், வைங்க"ன்னார். இன்னொருத்தங்க விரதமாம். அத்தனையையும் நம்பினேங்க நான்! அக்காவுக்குச் சுக்குத்தண்ணி வெக்கட்டுமான்னு வேற கேட்டேன்.

இதையெல்லாம் உள்ள இருந்து கேட்டுட்டு அம்மா பின்வாசல் வழியா கடைக்குப் போயிருக்கு. மூச்சு வாங்க வந்து, மூணு கூல்ட்ரிங்ஸ் பாட்டிலை ஸ்டூல் மேல வெச்சுச்சு. "கடையில வாங்கினதுதாங்க. சீல்கூட உடைக்கல. எடுத்துக்குங்க"ன்னுச்சு. என் மானம் கப்பலேறிடுச்சு. சமையலறைக்கு இழுத்துட்டுப் போய், "அறிவிருக்கா உனக்கு? அவங்களை இப்படியா கேவலப்படுத்துவ?"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திட்டினேன். "பாவம், அவங்களும் எத்தனை பொய்தான் சொல்லுவாங்க"ன்னு சொல்லுச்சு அம்மா.

திரும்பி வந்து பார்த்தா, தொண்டை கட்டின அக்கா ஜில்லுன்னு வேர்த்திருந்த பாட்டிலை அண்ணாந்து குடிச்சுட்டு இருக்காங்க. சுகர் சார் பாதியை முடிச்சுட்டார். விரதக்காரங்க மூடியைத் திருகிட்டு இருந்தாங்க. நான் வெச்ச கிளாஸ்ல ஐஸ் கரைஞ்சு புதினா இலை மிதந்துட்டு இருந்துச்சு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. அவங்க மேல வரவேண்டிய கோவத்தை அம்மா மேல கொட்டிட்டேனேன்னு வெக்கம். அதைவிட வெக்கம், அப்பவும் நான் இளிச்சுட்டு நின்னது. "இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வரட்டுங்களா அக்கா?"ன்னுகூடக் கேட்டேன்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல அந்த அக்காவே என் டேபிளுக்கு வந்தாங்க. "அந்த டீ என்னமா கலர்! எப்படிப் போடறதுன்னு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பசங்களுக்குப் போட்டுத் தர்றேன்"னாங்க. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டிருக்கணும். அதை விட்டுட்டு, இதழ் எவ்வளவு, அடுப்பை எப்ப அணைக்கணும், எலுமிச்சையைக் கடைசியிலதான் பிழியணும், எல்லாத்தையும் ஒண்ணுவிடாம டைப் பண்ணி அனுப்பினேன்.

சாயங்காலமே போட்டோ வந்துச்சு. அவங்க வூட்டு டம்ளர்ல, அதே செகப்பு. "சூப்பரா வந்துச்சுங்க, எல்லாரும் ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிக் குடிச்சாங்க"ன்னு எழுதியிருந்தாங்க. "ரொம்ப சந்தோஷங்க அக்கா"ன்னு நானும் பதில் போட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, "யாருடி?"ன்னு கேட்டுச்சு. யாருமில்லன்னு சொல்லிட்டு போனைக் கவுத்து வெச்சேன்.