ஐந்நூற்று அறுபதில் எழுந்த பொய்

கொட்டாஞ்சேனை லவினா பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பொரளைப் பக்கத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் புரதங்களின் ஒளிர்வை அளக்கும் மெஷின் அவள் பொறுப்பு. துறைமுகத்தில் கணவன் ஒஸ்வால்டின் கால் நசுங்கிப் போன நாளிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது அவள் உழைப்பில்தான். நிரந்தர நியமனத்துக்கு ஒரேயொரு கையொப்பம் பாக்கி. அது ஆய்வுக்கூடத் தலைவர் டொக்டர் கஜேந்திரனுடையது.

அவரோ, ஒரு மூலிகைச் சாறு புரதத்தோடு ஒட்டுவதைக் கண்டுபிடித்துவிட்டதாக வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். 280 நனோமீற்றர் அலைநீள ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் புரதம் 340 அளவில் ஒளிரும். சாறு சேர்த்த வரைபடத்தில் 560இலும் புதிதாக ஒரு முனை எழுந்திருந்தது; ஒட்டியதற்கு அதுதான் அவருடைய சாட்சி. வெள்ளிக்கிழமை மாநாடு.

செவ்வாய் காலை, புரதமும் சாறும் சேராத வெறும் கரைசலை வைத்து ஓட்டினாள் லவினா. அதே இடத்தில் அதே முனை! மெஷினுக்குள் இருக்கும் மொனோகுரோமேற்றர், கலந்த ஒளியிலிருந்து கேட்ட நிறத்தைப் பிரித்துத் தரும். ஆனால் அதற்கொரு கள்ளக்குணம் உண்டு. 560ஐக் கேட்டால், அதில் சரிபாதியான 280ஐயும் கூடவே விட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் வடிகட்டிக் கண்ணாடி. "சிக்னல் மங்குது, கழட்டும்" என்று போன மாதம் சொன்னவர் டொக்டரேதான்.

"சேர், இது புரதத்தின்ர வெளிச்சமில்லை. எங்கட விளக்கு வெளிச்சம்தான் சிதறி வருது."

"நீர் எப்ப பிஎச்டி முடிச்சனீர்?"

அவள் கண்ணாடியை மாட்டி மறுபடி ஓட்டினாள். 560இல் ஒன்றுமில்லை. டொக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் தேனானது.

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை சேர்."

"கண்ணாடி போட நீர் மறந்திட்டீர் எண்டு லொக் புத்தகத்தில எழுதும், லவினா. என்ர மானம் தப்பும். உம்மட நியமனக் கடிதத்தை நான் பாக்கிறன்."

ஒஸ்வால்டை நினைத்தாள். எழுதிக் கையொப்பமும் வைத்தாள், அந்த அப்பாவி.

மாநாட்டு மேடையில் டொக்டர், "என் ஊழியரின் தவறு, முடிவை மீளப் பெறுகிறேன்" என்றாராம். அவருடைய நேர்மைக்கு எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

திங்கட்கிழமை நிர்வாகப் பிரிவு கிளார்க் சுதர்சினி லொக் புத்தகத்தின் அந்தப் பக்கப் பிரதியை நீட்டினாள்.

"உங்கட கையெழுத்துத்தானே அக்கா?"

"ஓம். ஆனா சேர்தான்..."

"அவர்தான் அனுப்பினவர். இண்டையோட உங்கட வேலை முடியுதாம்." சுதர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். "போக முதல், புதுசா வாற பிள்ளைக்குக் கண்ணாடி போடுறதைப் பழக்கிவிடட்டாம்."

கழற்றி மடித்து வைத்திருந்த வெள்ளை மேலங்கியை லவினா திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டாள்.