கள்ளி நட்ட முற்றம்

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் அந்தியேட்டி மலரில் நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று சின்ன மாமா சொன்னார். அப்பாவைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கஷ்டமில்லை. மிஞ்சியிருக்கும் எங்களைப் பற்றித்தான் எழுத வரவில்லை.

அப்பா புத்தூரில் பிறந்து, புத்தூர் மண்ணிலேயே வெங்காயமும் புகையிலையும் வைத்து அண்ணையையும் என்னையும் ஆளாக்கினார். போரில் இடம்பெயர்ந்து திரும்பிய நாளில் கிணறு தூர்ந்து கிடந்தது. ஒருவரிடமும் கை நீட்டாமல் தானே இறங்கித் தூர் வாரினார்.

அம்மா போன பிறகு, மெல்பேணில் இருக்கும் அண்ணை அவரைக் கூப்பிட்டார். அண்ணையும் அண்ணியும் வேலைக்குப் போகும்போது அப்பாவை ஒரு பூங்காவில் இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து ஏற்றிப் போவார்கள். அப்பா ஊர் பார்க்கிறார் என்று எங்களுக்குப் படங்கள் வந்தன. சோற்றுப் பெட்டியோடு தனியே இருந்த மனிதர், வறண்ட நிலத்துச் செடிகளை அங்கே கல்லும் மணலும் கலந்த மேட்டில் வளர்க்கும் விதத்தை நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். ஆறு மாதத்துக்குப் போனவர் மூன்றாம் மாதமே திரும்பிவிட்டார்.

"ஏனப்பா வந்திட்டியள்?" என்றேன்.

"அங்கை கதைக்க ஆளில்லைப் பிள்ளை. ஆனா ஒரு வேலை பழகிக்கொண்டு வந்திருக்கிறன்."

இங்கே ஐப்பசியில் மழை ஏமாற்றும். வெங்காயம் கிண்டி எடுக்கும் நேரம் பார்த்துக் கொட்டும். அப்பா முன்முற்றத்தில் கல்லும் மணலும் போட்டு, தண்ணீர் தேங்காதபடி மேடு கட்டி, வேலியோரத்துக் கள்ளி, கற்றாழை, பிரண்டை, ஆவாரை எல்லாம் நட்டார். பிளேன் ஏறிப் போய்க் கள்ளி நடப் பழகினவர் என்று ஊர் சிரித்தது. அடுத்த மாசி மழையில் சிரித்தவர்களின் வெங்காயம் அழுகியது. அப்பாவின் முற்றத்தில் ஒரு செடி சாகவில்லை. அதன் பிறகும் யாரும் வந்து எப்படி என்று கேட்கவில்லை.

ஞாயிறு தோறும் தொலைபேசியில் அண்ணையிடம், "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போவன்" என்பார். "வாற வருசம் வாறன் அப்பா." மூன்று வருடம் இதே பதில்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான். "முற்றத்தைப் பாத்துக்கொள் பிள்ளை. கொண்ணை வரும்போது அவனுக்குக் காட்டவேணும்."

அண்ணை வந்து சேரும்வரை உடலை மூன்று நாள் வைத்திருக்க வேண்டியிருந்தது. பந்தலுக்கு இடம் போதாது என்றார்கள். "முள்ளும் கள்ளிப்பாலும் வாசலிலை நிண்டால் வீடு உருப்படுமோ? உதுகள்தான் உன்ரை அப்பாவைக் கொண்டுபோனது" என்றார் மாமி. பந்தல்காரர் கத்தியோடு நின்று, "வெட்டட்டோ பிள்ளை?" என்று கேட்டார். அரை மணி நேரத்தில் மேடு தரையாகி, ஆட்கள் உட்காரக் கதிரைகள் வந்துவிட்டன.

அண்ணை வந்தார், அழுதார். பிறகு கேட்டார்: "அப்பா சொன்ன தோட்டம் எங்கை?"

"நீங்கள் இருக்கிற கதிரைக்குக் கீழை" என்றேன்.

ஆஸ்பத்திரியில் துணை நின்ற அயலவருக்கும், மூன்று நாளும் தேநீர் ஊற்றிய பெண்களுக்கும், தூர தேசங்களில் இருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தல்காரருக்கும் நன்றி. அவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார். ஓம் என்று சொன்னவள் நான்.