மனசு பெஞ்சில் என் வாய் பட்ட பாடு

அடுத்தவர் மனக்கஷ்டத்தைக் கேட்கும் வேலையில் காது வலிக்காது. சும்மா இருக்கும் வாய்தான் வலிக்கும். பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு பொறுப்பைத் தலையில் கட்டி அனுப்பப்பட்ட பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பதவி வந்த விதம்

காலை வழிபாடு முடியும் நேரம். மைக்குக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தலைமையாசிரியர் மாதிரியே தொண்டையைச் செருமி, அவர் குரலிலேயே "இன்று பிற்பகல் விடுமுறை" என்று அறிவித்துவிட்டேன். மதியம் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டார்கள்.

தண்டனையாகக் கிடைத்தது மனசு பெஞ்ச். தேனியிலிருந்து புதன்கிழமைதோறும் வரும் ஆலோசகர் மேடம் லேப் பக்கத்தில் போட்ட பெஞ்ச் அது. சங்கடப்படும் பிள்ளைகள் இடைவேளையில் வந்து உட்காரலாம். பத்தாம் வகுப்பிலிருந்து ஒருவன் உட்கார்ந்து கேட்க வேண்டும். பெரிய விஷயம் என்றால் மேடத்திடம் கூட்டிப்போக வேண்டும். கேட்டதை யார் குரலிலும் வெளியே சொல்லக் கூடாது என்பது மேடம் போட்ட விதி. தலைமையாசிரியருக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துவிட்டது. "இனிமே நீ கேக்க மட்டும் செய்யி. பேசுறதை நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

முதல் ஆள்

(ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். கடைசியில் வரும் சுருளிவேலிடம் மட்டும் கேட்டு, சம்மதம் வாங்கியிருக்கிறேன்.)

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்தது. உயிர்த்தோழி வேறொருத்தியோடு டிபன் பாக்ஸைப் பங்கு போடுகிறாளாம். எண்ணெய் போடாத அடிபம்பு மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு வாக்கியத்தையும் அதே குரலில் திருப்பிச் சொல்ல என் நாக்கு துடித்தது. இரண்டு உதட்டையும் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். மணி அடித்ததும் அது எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு சொன்னது: "அண்ணே, உங்களுக்கு வயித்து வலின்னா வேற யாரையாச்சும் உக்காரச் சொல்லுங்க."

பெற்றோர் வருகை

மகன் அந்த பெஞ்சில் உட்கார்ந்தான் என்று கேள்விப்பட்டு, போடி பக்கம் ஏலக்காய் யாவாரம் பார்க்கும் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பிள்ளைக்கு மூளை சரியில்லைன்னு யாரு சொன்னாக?" என்று ஆரம்பித்தார். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, அது மாதிரிதான் இதுவும் என்று மேடம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனைக் காட்டினார்: "நாளைப்பின்ன இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாக?"

சுருளிவேல்

அவன் என் வகுப்பு. பேச்சு திக்கும். விளையாட்டு விழாவில் அவனைப் போலப் பேசிக் காட்டினேன், மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அவன் வாயைத் திறக்கவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இன்னொரு பாவமும் என் கணக்கில் உண்டு. வராத நாலு பேருக்கு அவரவர் குரலில் "உள்ளேன் ஐயா" சொல்லி மாட்டிக்கொண்டு, 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கியவன் நான். அதற்குப் பிறகு எங்கள் வகுப்பாசிரியரான கணக்கு வாத்தியார், "எந்திரிச்சு வாயைத் திறந்து சொன்னாத்தான் வந்த கணக்கு" என்று சட்டம் போட்டுவிட்டார். சுருளிவேல் எழுந்து நிற்பான். குரல் வராது. கண்ணெதிரே நிற்கிறவனுக்கு ஆப்சென்ட். வருகை நாள் குறைந்தால் பொதுத்தேர்வு எழுத முடியாது. எழுதாவிட்டால் கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு வா என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக் காட்டினான். "கையைத் தூக்கினாப் போதும்னு சொல்லுங்க ஐயா" என்று வாத்தியாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நாளைக்கு நீ காலைத் தூக்குவே" என்றார். மேடம் வர இன்னும் ஆறு நாள். வேறு வழி தோன்றாமல், "நாளைக்கு உன் குரல்ல நானே சொல்லிர்றேன்டா, யாருக்கும் தெரியாது" என்றேன். அவன் எழுதிக் காட்டியது இது: "அந்தக் குரலை நீ எடுத்ததாலதான் நான் எடுக்கிறதில்லை."

பதிலுக்குப் பதில்

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினான், அவ்வளவுதான். "சரி, பதிலுக்கு என் குரலை நீ எடுத்துக்கோ. எவ்வளவு கேவலமா வேணும்னாலும் பேசு" என்றேன். சும்மா சொன்னதுதான். நோட்டை மூடி வைத்தான். பிறகு, உடைந்த தகர டப்பா மாதிரி இருக்கும் என் குரலில், ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னான்: "ஏலே, இங்கன உக்காந்து என்னத்தக் கிழிக்கிற?"

ஆஜர்

மறுநாள் வாத்தியார் பதிவேட்டைப் பார்த்தபடியே "சுருளிவேல்" என்றார். பின்வரிசையிலிருந்து கணீரென்று "உள்ளேன் ஐயா" வந்தது. என் குரல். நானோ முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

"ஏலே ரேடியோ, திருந்தவே மாட்டியா? வெளியே போ."

நான் எழுந்தேன். காட்டிக்கொடுக்க மனசில்லை. வாசல் வரை போயிருப்பேன். அதற்குள் பின்னால், "ஐயா, சொ... சொன்னது நா... நான்தான்" என்று கேட்டது. இது அவனுடைய சொந்தக் குரல். வகுப்பு பூராவும் என் முகத்தைப் பார்த்தது. நான் சிரிக்கவில்லை, யாருமே சிரிக்கவில்லை. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். பேனாவை உதறி, அவன் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: "சொல்லிக் குடுத்தது நீதானே? அங்கனயே நில்லு."

ஊரில் எல்லார் குரலையும் எடுத்துப் பிழைத்த எனக்கு, என் குரல் வகுப்புக்குள் உட்கார்ந்து கணக்குப் போட, நான் வராண்டாவில் முட்டி வலிக்க நின்றதுதான் இந்த வேலையில் கிடைத்த பதவி உயர்வு.