ஜெகதளாவில் பார்த்த ஏல வீடு

அப்பாவுக்குத் தேயிலை எஸ்டேட்டில் ஓய்வு நெருங்கியது. தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கொடுக்கும் லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சொந்த வீடு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். வீடு வாங்கும் முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன் என்று முடிவு செய்துகொண்டேன். என் சம்பளத்துக்கு எட்டியவை வங்கி ஜப்தி செய்து ஏலத்துக்கு விடும் வீடுகள்தான்.

அந்த வீடுகளின் விவரமெல்லாம் குன்னூர் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரோக்கரிடம் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது. வங்கி அறிவிப்புகளை நான் படித்துச் சொல்வேன். நல்ல வீடு வந்தால் எனக்குத்தான் முதலில் சொல்வார். சீக்கிரமே நான் அவருக்கு ‘அம்மிணி’ ஆகிவிட்டேன்.

குன்னூர் பக்கத்து ஜெகதளாவில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் இன்னும் காலி செய்யவில்லை. ஏலத்துக்கு முன் வீட்டைப் பார்க்கப் புரோக்கர் என்னைக் கூட்டிப்போனார்.

“முன்வாசல்ல நின்னு கூப்பிடுங்க அம்மிணி. பொம்பளப் புள்ளைன்னா கை ஓங்கமாட்டான். நான் கேட்டுப் பக்கத்துல நிக்கறேன்.”

எஸ்டேட் பங்களாக்களில் எங்கள் ஆட்களுக்குப் பின்வாசல்தான். யோசிக்காமலே கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பூட்டை உடைக்க வங்கி ஆட்கள் பின்பக்கமாக வருகிறார்கள் என்று நினைத்திருப்பார் வீட்டுக்காரர். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு பாய்ந்து வந்தார்.

நான் விறகுக் குவியலில் விழுந்தேன். ஓடிவந்து குறுக்கே கை நீட்டிய புரோக்கருக்கு முழங்கைக்குக் கீழே சதை பிளந்து தொங்கியது. ரத்தத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் எங்களை விட்டுவிட்டுத் தன் வீட்டின் மேலேயே திரும்பினார். ஜன்னல், கதவு, தண்ணீர்த் தொட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டினார்.

“எடுத்துக்கங்கடா. இப்ப வந்து எடுத்துக்கங்க.”

அவர் மனைவி கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நின்று என்னைப் பார்த்தார்.

“படிச்ச புள்ளையா நீ?”

“ஆமாங்க.”

“படிச்சுப்போட்டு இதுக்கா வந்தே?”

“எங்களுக்கும் ஊடு இல்லீங்க,” என்றேன். அவர் என் காலடியில் துப்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் புரோக்கர் கையைத் துண்டால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ரேட்டு எறங்கும் அம்மிணி. எனக்குத் தையல் போட்டு முடிக்கறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஒடைச்சிருவான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலையெல்லாம் அவருடைய ரத்தம்.

“ஏலத்துல என் பேரக் குடுங்கண்ணா.”

“பயமா இல்லீங்களா?”

“பயமாத்தான் இருக்குது. அடுத்த மாசம் லைன் வீட்டுச் சாவியக் குடுக்கணும்.”

அவர் துண்டை என்னைப் பிடிக்கச் சொன்னார். பிறகு வெட்டுப்படாத கையால் போனை எடுத்து வங்கிக்குப் பேசி என் பெயரைக் கொடுத்தார்.