தெய்வசிகாமணி கண்டுபிடித்த ஆஸ்திரேலியப் பறவை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் நாலு ஏக்கர் கரும்பு வைத்திருந்த தெய்வசிகாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது வரை பறவைகளில் இரண்டே வகை: கம்பங்கொல்லையில் விழுவது, குழம்பில் கொதிப்பது.

அப்புறம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் மகன் வீட்டுக்குப் போனார். அங்கே ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் பறவை பார்க்கும் கூட்டம் ஒன்று இருந்தது. ஒரு பைனாகுலர், பச்சைத் தொப்பி, படம் போட்ட புத்தகம் வாங்கினார். மூன்றே மாதத்தில் நிபுணராகிவிட்டார். யார் கண்ணிலும் படாத அபூர்வப் பறவை அவர் கண்ணில் மட்டும் படும். மற்றவர்கள் கேமராவைத் தூக்குவதற்குள் பறந்தும் விடும்.

ஒரு தை மாதக் காலையில் ஒன்று பறக்காமல் உட்கார்ந்திருந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார்.

“ஆஸ்திரேலியாங்க! கடல் தாண்டி வந்துக்கீது!”

அரை மணி நேரத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். உலக வானிலை மாறியதால் பறவை திசை தப்பியது என்று ஒரு நிருபருக்கு விளக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வழியாகக் காய்கறிப் பையோடு வந்தாள் மனைவி கொளஞ்சியம்மாள்.

“இன்னாங்க இம்மாங் கூட்டம்?”

“சத்தம் போடாத. மேல பாரு.”

பார்த்தாள். “இது எதிர் வூட்டு செவ்வந்தியோட மிட்டு இல்ல? கூண்டத் தொறந்து வுட்டுட்டு ரெண்டு நாளா அந்தப் பொண்ணு அழுதுக்கினு கீது. டேய் மிட்டு, வாடா!”

பறவை இறங்கி வந்து, பையிலிருந்த கொத்தமல்லிக் கட்டின்மேல் உட்கார்ந்து கொறித்தது. நிருபர் பேனாவை மூடினார். யாரோ சிரித்தார்கள்.

“கூண்டுப் பறவ ரெண்டு நாள் உசுரோட இருந்ததே அபூர்வம்தாங்க” என்றார் தெய்வசிகாமணி. கேட்க ஆளில்லை.

மாசியிலேயே ஊர் திரும்பிவிட்டார். கள்ளக்குறிச்சியில் அவர் இப்போது சென்னையில் ஆஸ்திரேலியப் பறவையைக் கண்டுபிடித்தவர். கொளஞ்சியம்மாள் வாயைத் திறந்தால், “ஒனக்கு இன்னா தெரியும்?” என்று அடக்கிவிடுவார். போன மாதம் ஒரு கூட்டத்தில் பேசக்கூட அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். கேட்டவர்களில் ராஜாங்கம் என்கிற ஆசிரியர் மட்டும் எழுந்தார்.

“ஐயா, நம்ம கல்வராயன் மலையில இன்னா இன்னா பறவைங்க பார்த்திருக்கீங்க?”

“மலையிலயா?” ஏளனமாகச் சிரித்தார் தெய்வசிகாமணி. “அங்க இன்னாங்க இருக்கப் போவுது!”

பலமாகக் கை தட்டினார்கள்.