பபூன் எம்.எல்.ஏ. கேட்கப் போன பாலம்

என் வீட்டுக்காரர் தவசிமுத்துவை மதுரைக்குக் கிழக்கே 'பபூன் தவசி' என்றால்தான் தெரியும். சட்டமன்ற உறுப்பினரான பிறகும் அந்தப் பபூன் அவரை விட்டுப் போகவில்லை. ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அவர் பபூன், நான் டான்ஸ்காரி. ஒத்திகையெல்லாம் கிடையாது, அன்று யார் ஜோடி என்பதே மேடையில்தான் தெரியும். அப்படி ஒரு மேடையில் என்னை வாயாலேயே மடக்கி, பிறகு கட்டியும் கொண்டார்.

முதலில் மேடையேறுகிறவன் பபூன். ஊர் உட்கார்ந்து அடங்குவதற்குள் சிரிக்க வைக்க வேண்டும். ஒரு சிரிப்பு கிளம்பிவிட்டால் அதை அடங்க விடக் கூடாது, அடுத்ததை எடுத்து விட வேண்டும். முப்பது வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது அதுதான். கட்சி மேடைகளுக்குக் கூட்டம் சேர்த்ததும் அதுதான். தேர்தலில் நிற்க வேண்டியவர் ஏதோ வழக்கில் மாட்டிக்கொள்ள, சீட்டு இவருக்கு விழுந்தது. ஜெயித்தும் விட்டார்.

அவர் தொகுதியில் காட்டாற்றுக்கு அக்கரையில் இருக்கும் வெள்ளப்பாறை ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. இரும்பில் ஒரு நடைபாலமாவது வேண்டும். மழை வந்தால் காட்டாறு ஊரைத் துண்டித்துவிடும். போன ஐப்பசியில் அந்த ஊர் வீரணனின் மனைவி பொன்னழகு, பிரசவ வலியோடு ஆற்றைத் தாண்ட முடியாமல் கரையில் கட்டிலிலேயே செத்துப்போனாள். பிள்ளையும் போயிற்று. இந்த ஐப்பசியில் அவள் தங்கைக்குப் பேறுகாலம்.

சட்டசபையில் அவருக்குப் பேச நான்கு நிமிடம் கொடுத்தார்கள். நான் வீட்டில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பபூன் வேஷத்துக்கென்றே அமைந்த தன் கீச்சுக் குரலில் "பேரவைத் தலைவர் அவர்களே" என்றதுமே யாரோ சிரித்தார்கள்.

"எங்க ஊர்ல மழ பேஞ்சா தவளைக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் திண்டாட்டம்!"

சபை சிரித்தது. அவர் புருவம் ஏறியது. அது ஏறினால் மனுஷன் நிறுத்த மாட்டார்.

"போதும்யா, பொன்னழகச் சொல்லுய்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். மாடு ஆற்றில் இறங்க அடம்பிடிப்பதை அவர் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அமைச்சரே சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மணி அடித்துவிட்டது. பாலம் என்ற சொல் வாயில் வராமலே உட்கார்ந்துவிட்டார், பாவி மனுஷன்.

வீடு வந்தவர் சாப்பிடவில்லை. "சிரிச்சுப்புட்டாங்கடி. என்னால விட முடியல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் வீரணன் வந்தான்.

"ஊரே பாத்துச் சிரிச்சுச்சுண்ணே. பாலத்தக் கேட்டீகளா?"

"இல்லப்பா."

"கொழுந்தியாளுக்கு இன்னும் நாப்பது நாளுதான் இருக்கு."

"நாளைக்கு மந்திரிய நேர்ல பாக்கப் போறேன். அங்க பேசப்போறத இப்பச் சொல்றேன், கேளு. எங்க பிசகுதுன்னு நீயே சொல்லு."

எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். கட்டிலில் கிடந்த பொன்னழகு "தண்ணி வடிஞ்சிருச்சா, தண்ணி வடிஞ்சிருச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அவருக்கு அழுகை முட்டியது. அழுகையில் குரல் இன்னும் மேலே ஏறிக் கீச்சிட்டது.

வீரணன் சிரித்துவிட்டான்.

சிரித்த வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தான். அவன் தோள் குலுங்கியது. என் வீட்டுக்காரர் அவனையே பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.